கல்யாணம், பணி ஓய்வு, இழப்பு: எல்லாரும் கிளம்பிப் போன பிறகு கவுன்சலிங் போவது எப்படி

நம் ஊரில் ஒரு வீட்டில் சாவு விழுந்தால் பதினாறாம் நாள் காரியம் வரைக்கும் ஆளுக்குக் குறைவே இருக்காது. பக்கத்து வீட்டிலிருந்து காபி வரும், சம்பந்தி வீட்டிலிருந்து சாப்பாடு வரும், கூடத்தில் பாய் விரித்தபடியே கிடக்கும். கல்யாணமும் அப்படித்தான், மறுவீடு முடிகிறவரை பெண்ணைச் சுற்றி ஒரே கூட்டம். பணி ஓய்வு என்றால் மாலை, சால்வை, விருந்து, கூட வேலை பார்த்தவர்கள் நாலு பேர் வீடு வரைக்கும் கொண்டுவந்து விட்டுப் போவார்கள். சிக்கல் ஆரம்பிப்பது அதற்கு அப்புறம். பதினேழாம் நாள் காலையிலோ, மறுவீடு முடிந்த அடுத்த வாரத்திலோ, ஓய்வுக்குப் பின் வருகிற முதல் திங்கட்கிழமையிலோ யாரும் கதவைத் தட்டுவதில்லை. அதுவரைக்குமான நாட்களைத் தாண்ட நம் சொந்தபந்தம் நன்றாகவே உதவுகிறது. அதன் பின்னால் வருகிற மாதங்களைத் தாண்டத்தான் ஆள் இல்லை. கவுன்சலிங் அந்த மாதங்களுக்கானது. பைத்தியம் பிடித்தவர்கள் போகிற இடம் என்று இன்னும் நினைத்துக்கொண்டிருந்தால் அந்த எண்ணத்தை இப்போதே இறக்கி வைத்துவிட்டு மேலே படியுங்கள்.

நல்ல விஷயம் நடந்தாலும் மனசு தடுமாறும் என்பதை முதலில் ஒத்துக்கொள்ள வேண்டும். தாமஸ் ஹோம்ஸ், ரிச்சர்ட் ராஹே என்று இரண்டு அமெரிக்க மனநல மருத்துவர்கள் 1967-ல் வாழ்க்கை மாற்றங்கள் 43-ஐ வரிசைப்படுத்தி, ஒவ்வொன்றுக்கும் ஒரு மதிப்பெண் கொடுத்தார்கள். கணவனோ மனைவியோ இறப்பது 100. விவாகரத்து 73. அதே பட்டியலில் கல்யாணம் 50, வேலையை விட்டு நீக்கப்படுவது 47, பணி ஓய்வு 45, பிள்ளை வீட்டை விட்டுப் போவது 29, வீடு மாறுவது 20. கவனியுங்கள், கல்யாணத்துக்கு வேலை போவதைவிட அதிக மதிப்பெண். அறுபதுகளின் அமெரிக்காவுக்குப் போட்ட கணக்கு அது, அதை வைத்து உங்கள் மதிப்பெண்ணைக் கூட்டிப் பார்க்க வேண்டியதில்லை. ஆனால் நம் பெண்களை நினைத்துப் பாருங்கள். ஒரே மாதத்தில் கல்யாணம், வீடு மாற்றம், ஊர் மாற்றம், பல பேருக்கு வேலை மாற்றமும்கூட. அந்தப் பட்டியலில் கல்யாணம், வீடு மாற்றம், வேலை மாற்றம் மூன்றும் தனித்தனி வரிகள். இவ்வளவையும் ஒன்றாகத் தலையில் ஏற்றிவிட்டு, "நல்ல மாப்பிள்ளை, நல்ல குடும்பம், அப்புறம் ஏன் மூஞ்சியை இப்படி வச்சிருக்க?" என்று கேட்கிறோம்.

சரி, எப்போது போவது?

எல்லா வருத்தத்துக்கும் கவுன்சலிங் தேவையில்லை. பெரிய மாற்றம் வந்தால் சில வாரம் தூக்கம் கெடும், கோபம் வரும், அழுகை வரும். பெரும்பாலானவர்கள் பேசிப் பேசியே, வேலை செய்தே, கோயில் குளம் என்று போயே சரியாகிவிடுகிறார்கள். ஆனால் இரண்டு வாரத்துக்கு மேல் பெரும்பாலான நாட்கள் தூக்கமோ பசியோ சரியில்லை, முன்பு பிடித்த எதிலும் மனசு ஒட்டவில்லை, வேலையில் தப்பு வருகிறது, வீட்டில் எல்லார்மேலும் எரிந்து விழுகிறீர்கள், சாயங்காலமானால் பாட்டிலைத் தேடுகிறது கை என்றால் காத்திருக்காதீர்கள். மாற்றம் நடந்து மூன்று மாதத்துக்குள் தொடங்கி, தாங்கக்கூடியதைவிட அதிகமாக வாட்டி, அன்றாட வேலையையே முடக்குகிற இந்த நிலைக்கு மருத்துவத்தில் தனியாகவே ஒரு பெயர் உண்டு, பொருந்திப்போவதில் ஏற்படும் சிக்கல் என்று சொல்லலாம். பேச்சு சிகிச்சைதான் இதற்கு முக்கியமான வழி. அதனால்தான் சொல்கிறேன், மோசமாகட்டும் அப்புறம் பார்க்கலாம் என்று தள்ளிப்போடுவதில் எந்த லாபமும் இல்லை.

போவதற்கு முன்னால் ஒரு ரத்தப் பரிசோதனை செய்துவிடுங்கள். தைராய்டு குறைந்தாலும், ரத்தசோகை இருந்தாலும், பி12 குறைந்தாலும் சோர்வு, மறதி, எதிலும் ஈடுபாடின்மை எல்லாம் வரும், பார்ப்பதற்கு மனச்சோர்வு மாதிரியே இருக்கும். குடும்ப டாக்டரிடம் சொன்னால் அவரே எழுதிக்கொடுப்பார். அப்புறம் ஒன்று, மெடிக்கலில் கேட்டு வாங்கித் தூக்க மாத்திரை போடும் பழக்கம் இருந்தால் அதை டாக்டரிடம் மறைக்காதீர்கள். அதைத் திடீரென்று நிறுத்தவும் கூடாது.

உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் வந்தால் கதை வேறு. அப்பாயின்ட்மென்ட் தேதிக்காகக் காத்திருக்க வேண்டாம். 14416 என்ற எண்ணுக்கு உடனே கூப்பிடுங்கள். மத்திய அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி-மானஸ் சேவை இது, இலவசம், இரவு பகல் எந்நேரமும் உண்டு, தமிழில் பேசலாம். சென்னையில் 1986-லிருந்து இயங்கும் சிநேகா தற்கொலைத் தடுப்பு மையத்தின் எண் 044-24640050. தனியாக இருக்காதீர்கள், பக்கத்தில் யாராவது ஒருவர் இருக்கட்டும், அருகிலுள்ள மருத்துவமனைக்குப் போவதிலும் தயக்கம் வேண்டாம்.

யாரிடம் போவது

இங்கேதான் நிறைய பேர் குழம்பிப் போகிறார்கள். சைக்கியாட்ரிஸ்ட் என்பவர் எம்.பி.பி.எஸ். முடித்து மனநலத்தில் மேற்படிப்பு படித்த டாக்டர், மருந்து எழுதுவார். கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் மருந்து எழுத மாட்டார், பேச்சு சிகிச்சையும் மனநலச் சோதனைகளும் அவர் வேலை, இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவு செய்திருக்க வேண்டும், பதிவு எண்ணைக் கேட்டால் தயங்காமல் சொல்வார். கவுன்சலர் என்ற பலகையை மட்டும் நம் நாட்டில் யார் வேண்டுமானாலும் மாட்டிக்கொள்ளும் நிலை நெடுநாளாக இருந்துவருகிறது. உளவியலிலோ சமூகப்பணியிலோ முதுகலை முடித்துப் பல வருடம் அருமையாக வேலை செய்கிறவர்களும் அந்தப் பெயரில் இருக்கிறார்கள், வாரக்கடைசி வகுப்புக்குப் போய்ச் சான்றிதழ் வாங்கியவர்களும் இருக்கிறார்கள். எனவே போனிலேயே கேளுங்கள்: என்ன படித்திருக்கிறீர்கள், எங்கே பயிற்சி எடுத்தீர்கள், என்னைப் போன்ற பிரச்சினையோடு வருகிறவர்களைப் பார்த்திருக்கிறீர்களா, ஒரு தடவைக்கு எவ்வளவு நேரம், எவ்வளவு ஃபீஸ், வர முடியாமல் போனால் பணம் பிடிப்பீர்களா. இதைக் கேட்பது மரியாதைக் குறைவு கிடையாது. கேட்டதற்கு எரிச்சல்படுகிற ஆளிடம் போக வேண்டாம் என்பது என் கருத்து.

இன்னொன்றும் முக்கியம், மொழி. நீங்கள் எந்தத் தமிழில் அழுவீர்களோ, எந்தத் தமிழில் திட்டுவீர்களோ, அந்தத் தமிழ் புரிகிற ஆள் வேண்டும். பாதி நேரம் ஆங்கிலத்தில் வார்த்தை தேடிக்கொண்டிருந்தால் சொல்ல வந்தது தொண்டையிலேயே நின்றுவிடும். பெங்களூரிலோ துபாயிலோ இருப்பவர்கள் இங்கேயுள்ள ஒருவரோடு வீடியோ அழைப்பில் பேசுவது இப்போது சாதாரணம்.

பணம் இல்லை என்றால் வழி இல்லாமல் இல்லை. தனியாரிடம் ஒரு தடவைக்குச் சில நூறு ரூபாயிலிருந்து இரண்டாயிரம், மூவாயிரம் வரை ஆகும், ஊரையும் ஆளையும் பொறுத்தது. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு உண்டு, காலையில் போய் ஓபி சீட்டு வாங்கினால் போதும். கூட்டம் இருக்கும், அரை மணி நேரம் உட்கார வைத்துப் பேசுவார்கள் என்று எதிர்பார்க்க முடியாது, ஆனால் முதல் கதவாக அது நல்ல கதவு. மாவட்ட மனநலத் திட்டத்தில் ஊர்ப்பக்க அரசு மருத்துவமனைகளுக்கும் டாக்டர்கள் வருகிறார்கள், எந்தக் கிழமை என்று விசாரித்துக்கொள்ளுங்கள். வயதானவர்களுக்கு 14567 என்ற உதவி எண் இருக்கிறது. ஐ.டி. கம்பெனி, வங்கி மாதிரி இடங்களில் வேலை பார்த்தால் ஊழியர் நலத் திட்டத்தில் சில செஷன்கள் இலவசமாகக் கிடைக்கலாம், எச்.ஆரிடம் கேட்டுப் பார்க்கலாம்.

ஒரு எச்சரிக்கை. வீட்டில் அடி, உதை, பூட்டிவைப்பது, சம்பளத்தைப் பிடுங்குவது நடக்கிறது என்றால் அதற்குப் பெயர் புதுக் குடும்பத்தில் பொருந்திப்போவதில் உள்ள சிரமம் இல்லை, அது வன்முறை. அந்த நிலையில் கணவனும் மனைவியும் சேர்ந்து உட்காருகிற கவுன்சலிங் ஆபத்தாகக்கூட முடியலாம், அங்கே சொன்னதற்கு வீட்டில் வந்து அடி விழும். முதலில் 181 பெண்கள் உதவி எண், தனியாக ஒரு கவுன்சலர், தேவைப்பட்டால் 2005-ம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டப்படி பாதுகாப்பு அதிகாரி. இந்த வரிசையை மாற்றாதீர்கள்.

முதல் தடவை போகும்போது

முந்தின நாள் ராத்திரி ஒரு தாளில் மூன்று விஷயம் எழுதிக்கொள்ளுங்கள். என்ன மாறியது, எப்போது மாறியது, அதற்கு அப்புறம் ஒரு சாதாரண நாள் எப்படிப் போகிறது. மூன்றாவதுதான் பொன்னானது. "மனசு சரியில்லைங்க" என்று சொன்னால் கவுன்சலருக்கு எதுவும் புரியாது. "ராத்திரி பதினொன்றுக்குப் படுக்கிறேன், மூன்று மணிக்கு முழிப்பு வந்துவிடுகிறது, அதற்கப்புறம் ஃபேனையே பார்த்துக்கொண்டு கிடக்கிறேன், காலையில் இட்லி இறங்கவில்லை" என்று சொன்னால் வேலை அங்கேயே தொடங்கிவிடும். சாப்பிடுகிற மாத்திரைகளின் பெயரையும் எழுதிக்கொண்டு போங்கள்.

பெரும்பாலும் முக்கால் மணியிலிருந்து ஒரு மணி நேரம். முதல் தடவை அவர்தான் நிறையக் கேள்வி கேட்பார், குடும்பம், வேலை, உடம்பு, குடிப்பழக்கம், இதற்கு முன் இப்படி வந்திருக்கிறதா, சாக வேண்டும் என்று தோன்றியதா. கடைசிக் கேள்வியைக் கேட்டுத் திடுக்கிட வேண்டாம், எல்லாரிடமும் கேட்பதுதான். அழுகை வந்தால் அழுங்கள், அந்த அறையில் அது தினமும் நடக்கிற விஷயம். பேச்சு வராமல் இரண்டு நிமிஷம் மௌனமாக இருந்தாலும் ஒன்றும் குடிமுழுகிப் போகாது.

ரகசியம் வெளியே போகுமா என்ற பயம் எல்லாருக்கும் உண்டு, அதுவும் சின்ன ஊரில் கேட்கவே வேண்டாம். 2017-ம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் சிகிச்சைத் தகவல்களை ரகசியமாக வைத்திருக்கச் சொல்கிறது. விதிவிலக்கு கொஞ்சம் உண்டு: உங்கள் உயிருக்கோ மற்றவர் உயிருக்கோ ஆபத்து என்றால் அவர் வெளியே சொல்லலாம், குழந்தைக்குப் பாலியல் கொடுமை நடப்பது தெரியவந்தால் சொல்லித்தான் ஆக வேண்டும். என் மாமியாரோ கணவரோ போன் செய்து கேட்டால் என்ன சொல்வீர்கள் என்று முதல் நாளே நேராகக் கேட்டுவிடுங்கள். பதில் தெளிவாக வர வேண்டும்.

உள்ளே உண்மையில் என்ன வேலை நடக்கிறது

கவுன்சலிங் என்றால் யாரோ உட்கார்ந்து அறிவுரை சொல்வார் என்ற நினைப்போடு போகிறவர்கள்தான் அதிகம். அறிவுரைக்குச் சித்தப்பாவே போதும். ஒரு உதாரணத்தோடு சொன்னால் புரியும்.

அரசுப் பேருந்தில் முப்பது வருடத்துக்கு மேல் கண்டக்டராக இருந்து அறுபது வயதில் ஓய்வு பெற்றவர் ஒருவர் என்று வைத்துக்கொள்வோம். விடியற்காலை டூட்டிக்கு எழுந்து பழகிய உடம்பு, இன்னும் நாலு மணிக்கே முழித்துக்கொள்கிறது. செய்ய எதுவும் இல்லை. ஏழு மணிக்குள் பேப்பரை விளம்பரம் உட்படப் படித்து முடித்துவிடுகிறார். அப்புறம் சமையலறை வாசலில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு, கேஸைக் குறை, வெங்காயத்தை இவ்வளவு போடாதே என்று மனைவிக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறார். மனைவிக்குத் தாங்கவில்லை, இவருக்கோ தன்னை யாரும் மதிப்பதில்லை என்று கோபம். பணக் கஷ்டம் எதுவும் இல்லை, அதனால் பிள்ளைகளுக்கு அப்பாவுக்கு என்ன குறை என்றே புரிவதில்லை.

நல்ல கவுன்சலர் இவரிடம் "யோகா பண்ணுங்க சார்" என்று ஆரம்பிக்க மாட்டார். நேற்று காலை பத்து மணிக்கு எங்கே உட்கார்ந்திருந்தீர்கள் என்று கேட்பார். போன வருடம் இதே பத்து மணிக்கு எங்கே இருந்திருப்பீர்கள் என்றும் கேட்பார். அப்போதுதான் தெரிய வரும், போனது சம்பளம் இல்லை. தினமும் நூற்றுக்கணக்கான பேர் அவரைக் கூப்பிட்டார்கள், சில்லறைக்குச் சண்டை போட்டார்கள், பள்ளிக்கூடப் பிள்ளைகள் அண்ணா அண்ணா என்றார்கள், டீக்கடையில் டிரைவரோடு பத்து நிமிஷம் கிடைத்தது. இப்போது சாயங்காலம் வரை பெயர் சொல்லிக் கூப்பிட ஆள் இல்லை. இழந்தது இன்னதென்று பிடிபட்டால்தான் அதன் இடத்தில் எதை வைக்கலாம் என்று யோசிக்கவே முடியும்.

அடுத்த வாரத்துக்கு ஒரு வேலை கொடுப்பார். ஒரு நோட்டில் மணிவாரியாக என்ன செய்தேன் என்று எழுதி, பக்கத்தில் பிடித்ததா என்பதற்குப் பத்துக்கு ஒரு மதிப்பெண், உருப்படியாக எதையாவது செய்த மாதிரி இருந்ததா என்பதற்கு இன்னொரு மதிப்பெண். ஒரு வாரம் எழுதினாலே சில விஷயம் கண்ணுக்குத் தெரியும். டிவி நாலு மணி நேரம், மதிப்பெண் இரண்டு. ரேஷன் கடையில் பக்கத்து வீட்டுப் பாட்டிக்காக வரிசையில் நின்று பேசியது அரை மணி நேரம், மதிப்பெண் எட்டு. அப்படியானால் அந்த எட்டு மாதிரியானவற்றை வாரத்தில் இன்னும் மூன்று இடத்தில் செருக வேண்டும், மனசு வந்தால் செய்வேன் என்று இல்லாமல் கிழமையும் மணியும் குறித்து. மனச்சோர்வில் இருக்கிறவருக்கு மனசு முதலில் வராது, காரியத்தைத் தொடங்கிய பிறகு மெதுவாகத்தான் வரும், இந்த முறையின் அடிப்படையே அதுதான். வீட்டிலிருந்தே இதைத் தொடங்கலாம், நோட்டும் பேனாவும் போதும்.

இன்னொரு வேலை பிரச்சினைகளைப் பிரிப்பது. உலக சுகாதார நிறுவனம் 2016-ல் வெளியிட்ட ஐந்து செஷன் திட்டம் ஒன்றிலும் இது இருக்கிறது. எல்லாக் கவலையையும் எழுதி, தீர்க்கக்கூடியது, தீர்க்க முடியாதது, அவ்வளவு முக்கியமில்லாதது என்று மூன்றாகப் பிரிப்பது. கல்யாணமாகிக் கோயம்புத்தூரிலிருந்து பெங்களூர் போன பெண்ணுக்கு மாமியாரின் குணம் தீர்க்க முடியாத பக்கம் போகும், அம்மாவிடம் பேச ஒரு தனி இடம் இல்லை என்பது தீர்க்கக்கூடிய பக்கம் வரும். அதற்கு மட்டும் ஐந்தாறு வழி யோசித்து ஒன்றை இந்த வாரமே செய்து பார்ப்பது. சின்னதாகத் தெரியும், ஆனால் எல்லாமே கைமீறிப் போய்விட்டது என்ற உணர்வை உடைப்பது இந்த மாதிரிச் சின்ன விஷயங்கள்தான். அந்தப் பெண் வீடியோ அழைப்பில் கவுன்சலிங் எடுக்கிறார் என்றால் எங்கே உட்கார்ந்து பேசுவது என்பதே முதல் பிரச்சினையாக இருக்கும். மொட்டை மாடி, ஆபீஸ் மீட்டிங் அறை, நிறுத்தி வைத்த கார் என்று ஏதாவது ஒரு இடத்தை முன்கூட்டியே முடிவு பண்ணிக்கொள்ளுங்கள், ஹெட்செட் கட்டாயம்.

துணையை இழந்த அம்மாவையோ அப்பாவையோ அழைத்துப் போவது

இதுதான் எல்லாவற்றிலும் கடினம். "எனக்கென்ன பைத்தியமா?" என்பதுதான் முதல் பதிலாக வரும். கவுன்சலிங் என்ற வார்த்தையைத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள், அவர்களே ஒத்துக்கொள்கிற கஷ்டத்திலிருந்து தொடங்குங்கள். "அம்மா, உனக்கு ராத்திரி தூக்கமே இல்லையே, அதுக்கு ஒரு தடவை போய்ப் பேசிட்டு வரலாம், பிடிக்கலைன்னா அடுத்த தடவை வேண்டாம்." இப்படிச் சொன்னால் பாதிப் பேராவது வருவார்கள். பொய் சொல்லி, கண் டாக்டர் என்று கூட்டிக்கொண்டு போய் உட்கார வைப்பது வேண்டவே வேண்டாம், அந்த நம்பிக்கை ஒருமுறை போனால் திரும்பாது. கூடப் போங்கள், உள்ளே அவர்களைத் தனியாகப் பேச விட்டுவிட்டு வெளியே உட்காருங்கள். வந்ததும் என்ன சொன்னார் என்று துருவாதீர்கள்.

துக்கத்துக்குக் கெடு வைக்காதீர்கள். ஆறு மாதத்தில் அப்பா சட்டையை எல்லாம் எடுத்துக் கொடுத்துவிட வேண்டும் என்று சட்டம் ஒன்றும் இல்லை. ஆனால் வருடம் ஒன்று தாண்டியும் இறந்த அன்று இருந்த அதே கனத்தோடு, சாப்பிடாமல், யாரிடமும் பேசாமல் இருக்கிறார் என்றால் அது தானாகச் சரியாகும் என்று விடக் கூடாது, அதற்கென்றே சிகிச்சை உண்டு. முதல் தீபாவளி, கல்யாண நாள், தலைதிவசம் இந்த மூன்றுக்கும் முந்தின வாரத்தில் ஒரு செஷன் வைத்துக்கொள்வது நல்லது.

சரிப்பட்டு வரவில்லை என்றால்

இரண்டு மூன்று தடவை போயும் உங்களுக்குப் பேச வாய் வரவில்லை என்றால் அவரிடமே சொல்லுங்கள், இந்த மாதிரி இருக்கிறது, வேறு விதமாகப் போகலாமா என்று. நல்லவராக இருந்தால் அதை எடுத்துக்கொள்வார், வேறொருவரைக்கூடச் சொல்லி அனுப்புவார். ஆனால் சில விஷயத்துக்கு இரண்டாவது வாய்ப்பே கொடுக்க வேண்டாம்: உங்கள் சாதி, மதம், உடை, நடத்தை பற்றித் தீர்ப்பு சொல்வது, ஜாதகத்தைக் கொண்டு வா என்பது, "பொம்பளைங்கதாம்மா அட்ஜஸ்ட் பண்ணிப் போகணும்" என்று முடித்துவிடுவது, முழு நேரமும் தன் கதையையே பேசுவது, தொடுவது. உடனே எழுந்து வந்துவிடலாம். ஒருத்தர் மோசமாக இருந்ததால் கவுன்சலிங்கே மோசம் என்று விட்டுவிடாதீர்கள், ஒரு பல் டாக்டர் சரியில்லை என்றால் இன்னொருவரிடம் போகத்தானே செய்கிறோம்.

மருந்து வேண்டும் என்று கவுன்சலர் சைக்கியாட்ரிஸ்டிடம் அனுப்பினால் பயப்பட வேண்டாம். மனச்சோர்வுக்கான மருந்துகள் பலன் தரச் சில வாரம் ஆகும், நாலு நாளில் ஒன்றும் ஆகவில்லை என்று நிறுத்துவதும், கொஞ்சம் நன்றாக இருக்கிறது என்று டாக்டரைக் கேட்காமல் நிறுத்துவதும் இரண்டுமே தப்பு.

முடிப்பதற்கும் ஒரு முறை இருக்கிறது. வாழ்க்கை மாற்றத்துக்காகப் போகிறவர்களுக்குப் பல நேரம் சில செஷன்களே போதுமானதாக இருக்கும், வருடக்கணக்கில் போக வேண்டியிருக்கும் என்ற பயம் வேண்டாம். கொஞ்சம் தெளிந்ததும் சொல்லாமல் நின்றுவிடாமல், வாரம் ஒன்று என்பதை இரண்டு வாரத்துக்கு ஒன்று, மாதம் ஒன்று என்று தள்ளிக்கொண்டே போய் முடியுங்கள். கடைசி செஷனில், எனக்கு மறுபடி தடுமாற்றம் வந்தால் முதலில் எது தெரியும் என்று அவரோடு சேர்ந்து எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். ஒருவருக்கு மூன்று மணி முழிப்பாக இருக்கும், இன்னொருவருக்குப் போனை எடுக்காமல் விடுவதாக இருக்கும். அந்தத் தாளை வீட்டில் நம்பிக்கையான ஒருவரிடமும் காட்டி வையுங்கள், ஏனென்றால் அந்த அறிகுறி பல சமயம் நமக்கு முன்னால் அவர்கள் கண்ணில்தான் படும்.